பதினான்கு குழந்தைகள்

துடியலூர்
18-2-1996, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் முடிந்து நான் பஸ் ஏறி ஐந்து வாரம் ஆகிறது. அங்கிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை. பஷீர் பாய் கடைக்குச் சாமான் வாங்கப் போகும்போது, வழக்கம்போல அவரிடம் சொல்லி நாலு வரி எழுதி வாங்கியிருக்கலாம். எல்லாக் கடிதத்திலும் அவர் எழுதுகிற "இங்கு மழை இல்லை" என்ற வரியைக்கூடத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

நான் ஏதாவது தவறாகப் பேசிவிட்டேனா என்று யோசித்தேன். பொங்கலன்று நான் அதிகம் பேசவே இல்லை. "காலேஜு முடிச்சும் இவளுக்கு வாய் தொறக்கலயே" என்று நீதான் மாமாவிடம் சொல்லிச் சிரித்தாய்.

வேலை பழகிவிட்டது. காலையில் மில் சங்கு ஊதுவதற்கு முன்னால் டைம் ஆபீசில் உட்கார்ந்துவிட வேண்டும். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கார்டுகளைப் பார்த்துக் குறிப்பதுதான் வேலை. மாதக் கடைசியில் அரசாங்கத்துக்குப் போகிற படிவங்களையும் நான்தான் நிரப்புகிறேன். பெண்கள் எத்தனை பேர், கழிப்பறை எத்தனை, குழந்தைகள் காப்பகத்தில் எத்தனை குழந்தைகள் என்று கேள்வி கேள்வியாக இருக்கும். என் எழுத்து அச்சடித்ததுபோல இருக்கிறதாம், மானேஜர் சொன்னார். அம்மா இருந்திருந்தால் இதைப் பத்து பேரிடம் சொல்லியிருப்பாள். அவள் போய் மூன்று வருடம் ஆகப்போகிறது.

கல்லூரி ஆண்டு மலரை இனியாவுக்காகத்தான் அங்கே வைத்துவிட்டு வந்தேன். அறுபத்தேழாம் பக்கத்தில் என் போட்டோ இருக்கிறது. அதற்குக் கீழே இருப்பது பெரியவர்கள் படிக்கிற கட்டுரை. அவள் அதில் சிரமப்பட வேண்டாம். சித்தி போட்டோவை மட்டும் காட்டு. மலரைப் பரண்மேல் வைத்துவிடு. கீழே கிடந்தால் மாமா அதைக் கிழித்து விசிறியாக்கிவிடுவார்.

இப்படிக்கு,
அன்புக்கரசி


வாய்க்கால்மேடு, கோபி வழி
27-2-96

அன்பு,

இது யார் எழுத்து என்று பார்ப்பாய். என் எழுத்துதான். பஷீர் பாய் எழுதவில்லை.

நீ காலேஜில் சேர்ந்த அடுத்த வருசம் இங்கே அறிவொளி வகுப்பு நடந்தது. வேலை முடித்து வந்து ஆறு மாசம் போனேன். மூணாங்கிளாசில் விட்டது கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. உன்னிடம் சொல்ல வெக்கமாக இருந்தது. அவ்வளவு பெரிய படிப்பு படிக்கிறவளிடம் எனக்கு அ ஆ வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது. நீயும் கேட்கவில்லை. பாயிடமே எழுதி வாங்கிக்கொண்டிருந்தேன்.

அறுபத்தேழாம் பக்கம் படித்தேன். பதினோரு நாள் ஆச்சு. மஞ்சப்பையில் போட்டு வாழைத்தோட்டத்துக்கு எடுத்துப் போனேன். மத்தியானம் சோறு தின்ற பிறகு எழுத்துக்கூட்டிப் படிப்பேன். 'தன்னிச்சை' என்றால் என்ன என்று பாயிடம் கேட்டேன். தன்னிஷ்டம் என்றார். மத்ததெல்லாம் எனக்கே புரிந்தது.

நீ எழுதியதைப் பார்த்து எழுதுகிறேன். "எங்கள் வீட்டில் மூவர் பிறந்தோம். ஒருவன் மூன்று வயதில் காய்ச்சலில் போனான். ஒருத்தி எட்டு வயதில் பள்ளியை விட்டு நாற்றங்காலில் இறங்கினாள். ஒருத்தி இதை எழுதுகிறாள். முதல் இருவரையும் முன்பே கேட்டிருந்தால் வந்திருக்கமாட்டார்கள். யாரும் கேட்கவில்லை. என் தாய் அறியாமல் செய்த தவறு அது. அறிந்த நாம் அதைச் செய்யக் கூடாது."

பஸ்ஸு கதையும் படித்தேன். தூங்குகிற ஆளைத் தூக்கிக்கொண்டுபோய் ஓடுகிற பஸ்ஸில் போட்டுவிட்டு, ஜன்னலோரம் காத்து நல்லா இருக்குதா என்று கேட்கிறது மாதிரிதான் பிள்ளை பெறுவது என்று எழுதியிருக்கிறாய். நல்லாத்தான் இருக்கிறது. நீ எழுதியது என்று தெரியாமல் இருந்தால் சிரித்திருப்பேன்.

கோவத்துக்காக எழுதவில்லை. எனக்கு நாள் தள்ளியிருக்கிறது. கடைசியாகத் தூரமாகி ஐம்பது நாள் ஆகிறது. இனியாவுக்கு எட்டு வயசு முடிந்து இப்போது வந்திருக்கிறது. இது பிறந்தால் மூணாம் மாசம் நான் வேலைக்கு இறங்கியாகணும். இதைத் தூக்கிவைத்திருக்க ஆள் இல்லை. இனியாதான். மூணாவதோடு அவளை நிறுத்தணும். பணம் அனுப்புகிறேன் என்று எழுதாதே. பணம் பிள்ளையைத் தூக்காது.

உங்க மாமாவிடம் கேட்டேன். "உன்ர இஷ்டம்" என்றார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார்.

நீ படித்தவள். இதைப் பத்தியே நாலு பக்கம் எழுதினவள். சொல்லு. வெச்சுக்கட்டுமா, வேண்டாமா?

ராசம்மாள்


துடியலூர்
4-3-1996

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. முதல் வரியை மூன்று முறை படித்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்த மலரை உன் வீட்டில் வைத்துவிட்டு வந்தபோது, இதை அங்கே யாரும் படிக்கமாட்டார்கள் என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. அந்த நினைப்பு இல்லையென்றால் உன்னைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் அப்படி எழுதியே இருக்கமாட்டேன். மேடையில் நின்று என்னால் ஒரு வார்த்தையும் பேச முடியாது. அது உனக்குத் தெரியும். பட்டிமன்றத்துக்குப் பேர் கொடுக்காத பெண்கள் கட்டுரையாவது எழுதித் தர வேண்டும் என்று தமிழ் மேடம் சொன்னார்கள். "பிள்ளை பெறுவது அறமா?" என்பது அவர்கள் கொடுத்த தலைப்பு. எல்லோரும் அறம்தான் என்று எழுதினார்கள். நான் எதிர்ப்பக்கம் எடுத்தேன். வாயால் எதிர்த்துப் பேச முடியாதவளுக்குக் காகிதம் கிடைத்தால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. முதல் பரிசு என்று ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். தினமும் அதில்தான் சோறு கொண்டுபோகிறேன். இன்றைக்கு அதைத் திறக்கவே பிடிக்கவில்லை.

ஆனால் அதில் எழுதியதெல்லாம் பொய் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பிறக்காத குழந்தைக்குப் பசி கிடையாது. பிறக்காமல் போனோமே என்று அது எங்கேயும் உட்கார்ந்து அழப்போவதில்லை. பிறந்த பிறகுதான் எல்லாக் கஷ்டமும் தொடங்குகிறது. ரூபன் அண்ணன் மூன்று நாள் ஜன்னியில் கிடந்ததை அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அந்த மூன்று நாளை அவனுக்குக் கொடுக்கிற உரிமை யாருக்கு இருந்தது? இதைத்தான் கேட்டேன். இப்போதும் இதற்கு எனக்குப் பதில் தெரியாது.

என் அறையில் இருக்கும் ஷைமா, மேட்டுப்பாளையத்துப் பெண், கட்டுரையை வாங்கிப் படித்துவிட்டு, "உன்னய முன்னாடியே கேட்டிருந்தா மட்டும் என்ன, நீ வெக்கப்பட்டுட்டு பதிலே சொல்லியிருக்கமாட்டே" என்றாள். அன்றைக்குச் சிரித்தேன். இப்போது நீ என்னைக் கேட்டிருக்கிறாய், எனக்குப் பதில் வரவில்லை.

அக்கா, இது உன் உடம்பு. நீயும் மாமாவும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. நான் கல்யாணம் ஆகாதவள். இதில் நான் என்ன சொல்ல முடியும்?

என்னை மன்னித்துவிடு. அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு.

அன்புக்கரசி


வாய்க்கால்மேடு
12-3-96

அன்பு,

கிழிக்கவில்லை. உன் போட்டோ இருக்கிறது அதில்.

நாலு பக்கம் எழுதும்போது அது யார் உடம்பு என்று நீ யோசிக்கவில்லை. கேள்வி கேட்டதும் என் உடம்பு என்கிறாய். இருக்கட்டும்.

உனக்கு ஒன்று சொல்லணும். அம்மா சாகிற வரைக்கும் உன்னிடம் சொல்லக் கூடாது என்றாள். இப்போது அவள் இல்லை. அவள் தப்பு செய்தாள் என்று நீ அச்சில் எழுதிப்போட்டாய். அவளால் வந்து பதில் சொல்ல முடியாது. அதனால் நான் சொல்கிறேன்.

ரூபன் போன அடுத்த வருசம் நீ அம்மா வயித்தில் வந்தாய். அப்போது தோட்டத்தில் பண்ணையம். வருசம் பூராவும் அங்கேயே வேலை. அம்மாவுக்கு இன்னொன்று வேண்டாம் என்றிருந்தது. ரூபனை நினைத்துப் பயம். சத்தியமங்கலத்துப் பக்கமிருந்து வருகிற ஒரு கிழவியிடம் பச்சிலை வாங்கிவந்து காய்ச்சினாள். டம்ளரில் ஊத்தி ஆற வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் மூணாங்கிளாஸ். சிலேட்டு துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணு, அம்மாவுக்கு இன்னொரு பாப்பா வருது. வந்துச்சுன்னா உன்னைப் பள்ளிக்கோடத்துக்கு அனுப்ப முடியாது. நான் வேலைக்குப் போனா பாப்பாவைப் பாக்கறதுக்கு ஆள் இல்லை. இதைக் குடிச்சுப்போட்டா வராது. நீ என்ன சொல்றே?" என்று கேட்டாள்.

நீ எழுதினாயே, யாரும் கேட்கவில்லை என்று. கேட்டாங்க. என்னைக் கேட்டாங்க.

"நான் பாத்துக்கறேன், நீ அதைக் குடிக்காதே" என்று சொன்னேன்.

பெரிய மனசில் சொன்னது என்று நினைக்காதே. ரூபனைத் தூக்கித் தூக்கிப் பழகின இடுப்பு சும்மா இருந்தது. தூக்குவதற்கு ஒன்று வேண்டும் போல இருந்தது. எட்டு வயசுப் பிள்ளைக்கு வேறென்ன தெரியும். அம்மா டம்ளரை எடுத்துப்போய் அவரைப் பந்தலுக்கு அடியில் கவிழ்த்தாள். அந்த அவரை அந்த வருசம் நல்லாத்தான் காய்த்தது.

ஆகவே உன்னைப் பஸ்ஸில் தூக்கிப் போட்டது நான்தான். அம்மா இல்லை. ஜன்னலோரம் உன்னை உட்கார வைத்துவிட்டு நான் நின்றுகொண்டே வந்தேன். அதற்காக உன்மேல் கோவம் ஒன்றும் இல்லை. ஆனால் நானும் ஒன்று மறைக்காமல் சொல்கிறேன். குனிந்து நாத்து நடும்போது பள்ளிக்கோடத்து மணி கேட்கும். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று நாலைந்து தடவை நினைத்திருக்கிறேன். நினைத்துவிட்டு உன்னைப் பார்ப்பேன். நீ வரப்பில் உட்கார்ந்து மண்ணைத் தின்றுகொண்டிருப்பாய். அப்படி நினைத்ததற்கு நீ என்னை மன்னிக்கணும்.

இப்போது இனியாவிடம் போய் நான் அதே கேள்வியைக் கேட்கமாட்டேன். கேட்டால் அவளும் அதே பதிலைத்தான் சொல்வாள். அது எனக்குத் தெரியும்.

அதனால்தான் உன்னைக் கேட்டேன். உனக்காக நான் ஒரு தடவை பதில் சொன்னேன். இந்த ஒரு தடவை நீ சொல்லு.

கோபி ஆஸ்பத்திரி நர்சம்மா மூணு மாசம் முடிவதற்குள் வரணும் என்றார்கள். புதன்கிழமைதான் பார்ப்பார்களாம். இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன்.

ராசம்மாள்


துடியலூர்
31-3-1996, ஞாயிறு

அக்கா,

மாதம் இன்றோடு முடிகிறது. நீ எத்தனை நாள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் பெற்றுக்கொள் என்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது இனியாவின் பள்ளிப் பையைப் பிடுங்கி ஆணியில் தொங்கவிட்டதுபோல இருந்தது. இன்னொன்றில் வேண்டாம் என்று எழுதினேன். அதைப் படித்தபோது அவரைப் பந்தலுக்குக் கீழே நீ நிற்பது தெரிந்தது. வேண்டாம் என்று எழுதுகிற இந்தக் கையே, அன்று நீ வேண்டாம் என்று சொல்லாததால் வந்த கை. மற்ற இரண்டும் வெறும் மன்னிப்புதான். உனக்கு அது இனிமேல் எதற்கு?

போன வியாழக்கிழமை மூன்றாவது கடிதத்தைப் பெட்டியில் போடலாம் என்று மத்தியானம் கேட்டுக்கு வெளியே வந்தேன். நான் எப்போதும் ஆபீசுக்குள்ளேயே சாப்பிட்டுவிடுவேன். அந்த நேரத்தில் வெளியே வந்ததில்லை. மில் மதிலை ஒட்டி ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதன் கீழே ஏழெட்டுச் சின்னப் பெண்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு குழந்தை. உள்ளேயிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். மதில் பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தார்கள். மறுபடியும் குழந்தையைக் கைமாற்றிவிட்டு ஓடினார்கள். பத்தே நிமிடம்தான்.

ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது இருக்கும். பேரைக் கேட்டேன். வெங்கடலட்சுமி. அம்மா பூவாத்தாள், நூல் சுற்றுகிற ரீலிங்கில் வேலை. இடுப்பிலிருந்த தம்பியின் பேர் பிரவின்குமார். ஒரு முழம்கூட இல்லாத பிள்ளைக்கு அவ்வளவு நீளமான பேர். பள்ளிக்கூடம் போவதில்லையா என்று கேட்டேன்.

"இவன் நடந்துட்டான்னா போவேனுங்க்கா" என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள். "உள்ள கொழந்தைங்களுக்குன்னு ரூமு இருக்குதாமுங்க. அதுல பஞ்சு மூட்டைதான் தூங்குதுன்னு எங்கம்மா சொல்லுச்சு."

அவள் சிரித்தாள். நான் கடிதத்தைப் போடாமலே திரும்பினேன்.

அந்த அறையைப் போய்ப் பார்த்தேன். குழந்தைகள் காப்பகம் என்று கதவுக்கு மேல் எழுதியிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கூரை வரைக்கும் கழிவுப் பஞ்சு மூட்டைகள். தூளி மாட்டுகிற கொக்கிகள் மட்டும் மேலே தெரிகின்றன. எனக்கு இது தெரியாது என்று உன்னிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. தெரியாதுதான். ஆனால் தெரிந்துகொள்ள நாற்பது அடி நடந்திருந்தால் போதும். சேர்ந்த மாதத்தில், எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிவைத்த நகலைப் பார்த்தேன். குழந்தைகள்: பதினான்கு. நானும் பதினான்கு என்று எழுதினேன். எட்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அச்சுப் போன்ற எழுத்தில்.

பிறக்காத குழந்தையின் சம்மதத்துக்காக நான்கு பக்கம் வாதாடியவள், அக்கா. பிறந்த பதினான்கு குழந்தைகளைக் காகிதத்தில் வைத்து, காகிதத்திலேயே தூங்க வைத்திருக்கிறேன். ஒவ்வொரு குழந்தைக்கும் கேட்டுக்கு வெளியே ஒரு ராசம்மாள் நிற்கிறாள்.

நேற்று மார்ச் மாதப் படிவம் வந்தது. அந்தக் கட்டத்தில் பூஜ்யம் எழுதினேன். பேனாவை எடுத்த பிறகும் கை அங்கேயே இருந்தது. மற்ற காகிதங்களோடு சேர்த்து மானேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். எப்போதும் அப்படித்தான். நாளைக்குத் தபாலில் போகும். வேலை போகுமோ என்னவோ.

உன் கேள்விக்கு வருகிறேன். அந்தக் குழந்தை வரட்டும். வாதத்தால் சொல்லவில்லை, வாதத்தில் நான் இன்னும் தோற்கவில்லை, ஜெயிக்கவும் இல்லை. இனியாவின் இடுப்பில் அது ஏற வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன். எப்படி என்று இப்போது தெரியவில்லை.

இதை நாளைக் காலை முதல் தபாலில் போடுகிறேன்.

அன்பு


வாய்க்கால்மேடு
6-4-96

அன்பு,

உன் கடிதம் முந்தாநாள் வியாழக்கிழமை வந்தது. நான் புதன்கிழமை போய்வந்துவிட்டேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. ரெண்டு நாள் படுத்திருந்தேன். திங்கக்கிழமை வேலைக்குப் போவேன். அழாதே. உடனே கிளம்பியும் வராதே. லீவு போட்டால் உன்னைக் கேட்பார்கள். இப்போதே கேட்பதற்கு அவர்களுக்கு ஒன்று இருக்கிறது.

உன் கடிதம் முன்னாடியே வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்பாய். அப்போதும் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நீ கட்டுரை எழுதாமல் இருந்திருந்தாலும் போயிருப்பேன். அது நிசம். ஆனால் கட்டுரையைப் படித்த பிறகுதான் போனேன். அதுவும் நிசம். ரெண்டையும் வைத்துக்கொள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் வேண்டாம், செத்துப்போகவும் வேண்டாம்.

கோபி போகிற வரைக்கும் பஸ்ஸில் வயித்தில் கை வைத்திருந்தேன். நீ சொன்ன மாதிரி அதைக் கேட்டேன். வாரியா என்று. அது எப்படிப் பதில் சொல்லும். வெளியே பார்த்தேன், பள்ளிக்கோடத்துப் பிள்ளைகள் ரோட்டோரமாக வரிசையாகப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா, "எத்தனை கொழந்தைங்கம்மா உனக்கு?" என்று கேட்டார்கள். ஒன்று என்று சொல்ல வாய் எடுத்தேன். ரெண்டுங்க என்று வந்துவிட்டது. ரெண்டு என்று எழுதிக்கொண்டார்கள். பெரியதுக்கு இருபத்திரண்டு வயசு என்று நான் சொல்லவில்லை.

உங்க மாமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இளநீர் வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரும்போது முண்டியடித்து ஏறி, துண்டைப் போட்டு எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்தார். உட்கார்ந்தேன். காத்து நல்லாத்தான் இருந்தது. அப்போதுதான் அழுகை வந்தது.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே எப்படி என்று தெரியவில்லை என்கிறாய். எனக்கும் அன்றைக்குத் தெரியாது. அம்மாவிடம் நான் அதை மட்டும் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ என் பிள்ளையைப் பத்தியே கவலைப்பட்டு எழுதுகிறாய். அது போய்விட்டது. அந்த வெங்கடலட்சுமி அங்கேயே நிற்கிறாள். பூஜ்யம் எழுதினால் அவள் எங்கே போவாள்? அதைச் சொல்லு எனக்கு. மன்னிப்பு எழுதாதே.

இனியா நாலாவதுக்குப் போவாள்.

ராசம்மாள்


துடியலூர்
10-6-1996, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

சித்திரையில் வந்து இரண்டு நாள் தங்கினேன். நீயும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. நீ கோழி அடித்தாய். நான் இரண்டு குடம் தண்ணீர் தூக்கியதற்கு "காலேஜு பொண்ணு தண்ணி தூக்குது, மழை வரும்" என்றாய். பாத்திரம் துலக்கும்போது நீ வயிற்றில் கையை வைத்து, வைத்தது தெரிந்ததும் எடுத்துக்கொண்டாய். நான் வேறு பக்கம் பார்த்தேன். நீ கேட்டதற்குப் பதில் கையில் இல்லாமல் எழுத எனக்கு முகம் இல்லை. அதனால்தான் இத்தனை நாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மே மாதம் அரசாங்க அலுவலகத்திலிருந்து மில்லுக்கு ஒரு கடிதம் வந்தது. பெண்கள் இத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகத்தில் ஒரு குழந்தைகூட இல்லாதது எப்படி, விளக்கம் தரவும், நேரில் பார்க்க வருகிறோம் என்று. மானேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

"ஏனுங்க அம்மணி, பிப்ரவரியில பதினாலு இருந்துச்சு. மார்ச்சுல பூஜ்யம். பதினாலு கொழந்தையும் எங்க போச்சுங்க?"

வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவேன் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"கேட்டுக்கு வெளியில இருக்குதுங்க" என்றேன்.

அவ்வளவுதான் பேசினேன். தைரியசாலி என்று நினைத்துக்கொள்ளாதே. வெளியே வந்து குழாயடியில் வாந்தி எடுத்தேன். அடுத்த வாரம் என்னை டைம் ஆபீசிலிருந்து எடுத்துக் கழிவுப் பஞ்சு குடோனில் போட்டுவிட்டார்கள். அச்சுப் போன்ற எழுத்துக்கு அங்கே வேலை இல்லை. மூட்டைமேல் நம்பர் போடுகிறேன்.

ஆனால் அந்த மூட்டைகளை வைக்க இடம் மாற்ற வேண்டியதாகிவிட்டது. அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, கொக்கிகளில் நான்கு தூளி கட்டினார்கள். கால் வீங்கி நிற்க முடியாத ஒரு வயதான தொழிலாளியை ஆயாவாக உட்கார வைத்திருக்கிறார்கள். பூவாத்தாளிடம் போய்ச் சொன்னேன். அவள் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதிகாரி வந்துபோற வரைக்கும்தானுங்க இந்தக் கூத்து. அப்பறம் என்ற புள்ளைக்குப் பள்ளிக்கோடமும் போகும், இந்த எடமும் போகும்" என்றாள். அவள் சொல்வது நடக்கலாம். நடக்காது என்று என்னால் சொல்ல முடியவில்லை. குடோனும் அந்த அறையும் ஒரே சுவர், குழந்தை அழுதால் எனக்குக் கேட்கும் என்று மட்டும் சொன்னேன். நாலு நாள் கழித்து, சரி என்றாள்.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் அறைக்கு வந்தது மூன்றே குழந்தைகள். பதினான்கு இல்லை, மூன்று. மற்றவர்கள் நம்பவில்லை. வெங்கடலட்சுமியைப் பள்ளியில் சேர்ப்பதற்காக நான் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கியிருந்தேன். மூன்றாம் வகுப்பில் எடுத்துக்கொள்வதாக டீச்சர் சொல்லியிருந்தார்கள்.

அவள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வந்து வாசல்படியில் நின்றாள். தம்பியை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. ஆயா கை நீட்டினாள். கொடுக்கவில்லை. நான் கை நீட்டினேன். குழந்தையின் காலை மட்டும் என் கையில் வைத்துவிட்டு, மீதியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"அழுதா ஆருங்க்கா தூக்குவாங்க?"

"நான் பாத்துக்கறேன் கண்ணு. நீ போ" என்றேன்.

உனக்குக் கடிதத்தில் இதையே எழுதினேன். எழுதியபோது பேனா சுலபமாக ஓடியது. வாயால் சொன்னபோது முழங்கால் நடுங்கியது, அக்கா. குழந்தை அழவில்லை. யார் நீ என்று கேட்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலை எவ்வளவு கனமாக இருந்தது. அவனை ஆயா மடியில் விட்டுவிட்டு வெளியே வந்தேன். வெங்கடலட்சுமி பள்ளிக்கூடம் போகும் வழி முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தாள். இடுப்பில் ஒன்றும் இல்லை என்பது அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

எனக்கு இருபத்திரண்டு வயது. மாதச் சம்பளம் வருகிறது. கையில் கடிகாரம் கட்டியிருக்கிறேன். ஐந்தரை மணிக்குச் சங்கு ஊதினால் அந்தக் குழந்தையை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். அதற்கே எனக்கு அப்படி நடுங்கியது.

நீ சொன்னபோது உனக்கு எட்டு வயது.

அன்பு